ஒன்றரை மீட்டர் நூல்

பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்கு வைத்த படைப்புக்காகக் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூருக்குப் 11 நாள் விடுப்பில் போய் வந்தேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நேரத்துக்கு வந்து இறங்கியது; குடிநுழைவில் கூட்டமில்லை; சொல்லி வைத்திருந்த கார் திருமயம் கோட்டையைத் தாண்டி, இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது; படைப்பும் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ஆகவே அவற்றைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை. அந்த 11 நாளில் ஏறத்தாழ ஒரு வாரத்தை விழுங்கியது ஒன்றரை மீட்டர் நூல். ஊருக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் பழைய பொருள் எதையாவது பழுதுபார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணியிருப்பவர்களுக்கு இந்தக் கதை உதவக்கூடும். உதவாவிட்டால், புலம்பித் தீர்த்த ஆறுதலாவது எனக்கு மிஞ்சும்.

எங்கள் முகப்புப் பட்டாலையில், அதாவது திண்ணை மேடையில், ஐயா என்று நாங்கள் அழைத்த தாத்தாவின் கைப்பெட்டிக்கு மேலே அடித்த பலகையில், ஒரு பிலிப்ஸ் வானொலி இருக்கிறது. கொண்டுவிற்கப் பினாங்குக்குப் போயிருந்த ஐயா, 1959ஆம் ஆண்டு அதை அங்கே வாங்கி, ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் என்பது வீட்டில் வழங்கும் கதை. பத்துக் கிலோவுக்குக் குறையாத மரப்பெட்டியைக் கடல் பயணம் முழுக்க எவராலும் மடியில் வைத்திருக்க முடியாது என்று சிறுவயதில் வாதாடி, அப்பத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

வால்வு வானொலியோடு வளர்ந்தவர்களுக்கு மற்றதை விளக்க வேண்டியதில்லை. குமிழைத் திருகியதும் அது பாடாது. உள்ளிருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும். முதலில் மேஜிக் ஐ, அதாவது நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் ஒளிரும் கண், பச்சையாக மலரும். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோல் குரல் மேலே வரும். காலையில் திருச்சி, பகலில் இலங்கை, இரவில் பிபிசி தமிழோசை என்பதே வீட்டின் நேர அட்டவணை. முள்ளை நகர்த்தும் உரிமை ஐயாவுக்கு மட்டுமே உண்டு. கண்பார்வை குறையத் தொடங்கியதும் அவர் டயல் கண்ணாடியின் மேல் இரண்டு வெள்ளைப் புள்ளிகளை வண்ணத்தால் வைத்தார். ஒன்று திருச்சி நிலையத்துக்கு. அதன் 936 கிலோஹெர்ட்ஸ், டயலில் 320 மீட்டர் அலைநீளத்துக்கு நேராக வரும். மற்றொன்று சென்னைக்கு, 720 கிலோஹெர்ட்ஸ், 416 மீட்டர். முள் புள்ளியைத் தொடும்போது குரல் தெளிவதும் மேஜிக் ஐயின் நிழல் ஒடுங்குவதும் ஒரே கணத்தில் நிகழும். எனக்கு வானொலிப் பைத்தியம் பிடித்தது அந்தக் கணத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பைத்தியம் சிங்கப்பூரில் 22 ஆண்டுகளாகத் தோ பாயோ அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே பழைய வால்வு வானொலிகளை வாங்கி, திறந்து, உயிரூட்டி, அலமாரியில் வைக்கிறேன். சிம் லிம் டவருக்குப் போனால் எந்த மின்தேக்கியும் கிடைக்கும்; பையில் போட்டு ரசீதும் தருவார்கள். ஆனால் வால்வு வானொலியைத் தொட்டுப் பழுதுபார்க்க ஆள் தேடினால், ‘இதை வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள்’ என்ற பார்வைதான் பதிலாகக் கிடைக்கும். உயிர்பெற்ற செட்டில் கேட்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. உள்ளூர் மத்திய அலை ஒலிபரப்பு எப்போதோ நின்றுவிட்டது. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு முடிந்தது. அடுக்குமாடியில் நூறு வீட்டு எல்இடி விளக்குகளும் கைப்பேசி சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல்தான் மத்திய அலை முழுக்க நிறைந்திருக்கிறது. எனவே ஊரிலுள்ள ஐயாவின் செட், நான் செப்பனிட்டுக் கேட்கக்கூடிய ஒரே செட்.

அதில் சென்ற முறையே ஒரு முனகல் இருந்தது. குரலுக்கு அடியில் ‘ம்ம்’ என்று தொடர்ந்து ஒலித்தால், மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய மின்தேக்கி உலர்ந்துவிட்டது என்று பொருள். அதோடு, ஒலிபெருக்கியை இயக்கும் ஈஎல் 84 வால்வுக்கு முன்னால் இருக்கும் மெழுகுத்தாள் மின்தேக்கி கசியத் தொடங்கினால், அந்த வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக் கொதித்து, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். ஆகவே இரண்டுக்கும் மாற்றை வாங்கி, பஞ்சில் பொதிந்து, சாமான் பெட்டியில் எடுத்துச் சென்றேன். மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டேன். வயரிங் படத்தை அச்சிட்டுக்கொண்டேன். சால்டரிங் இரும்பு மட்டும் தோ பாயோ மேசையிலேயே கிடந்துவிட்டது.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. படைப்பு வேலைக்கு நடுவே நானே உட்கார்ந்து செய்ய முடியாது என்று வீட்டார் சொன்னதைக் கேட்டு, காரைக்குடியில் ஒரு மின்னணுப் பழுதுபார்ப்புக் கடையில் செட்டைக் கொடுத்தேன். எந்தெந்த மின்தேக்கிகளை மாற்ற வேண்டும் என்று தாளில் எழுதி, படத்தில் வட்டமிட்டு, மாற்றுகளையும் உறையில் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரப் பையனுக்கு 25 வயதுக்கு மேல் இராது. ஒரு மணி நேர வேலை என்று அவனே சொன்னான். மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். மாலைக்குள் முடிந்துவிடும் என்றான். சிங்கப்பூரில் பத்தரை என்றால் பத்தரைக்கு முடிந்திருக்கும், இல்லாவிட்டால் முடியாது என்று முதலிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பார்கள். ஊரில் ‘மாலைக்குள்’ என்பது ஒரு மரியாதைச் சொல் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்கிறேன்.

நான்காம் நாள் நேரில் போனேன். செட்டின் உள்ளுறுப்பு முழுவதும், அதாவது சேசிஸ், வால்வுகளோடு மேசை ஓரத்தில் ஒரு செய்தித்தாளின் மேல் கிடந்தது. வெறும் மரப்பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் நீல நிறப் பலகை ஒன்றை வைத்துப் பையன் அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், உள்ள ஒண்ணுமே உருப்படியா இல்ல. ப்ளூடூத் போர்டு போட்டுடலாம். பென்டிரைவ், எஃப்எம் எல்லாம் வரும். ரிமோட்டும் தர்றேன்.”

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே நினைவில்லை. பக்கத்துத் தேநீர்க் கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவனோ கொஞ்சமும் கோபப்படவில்லை. இப்படிப் பழைய பெட்டியோடு வருகிற பாரம்பரிய விடுதிக்காரர்கள் எல்லாரும் ப்ளூடூத்தான் கேட்பார்கள் என்றும், என்னுடைய தாளைப் பார்த்தபோது அது பழைய ரசீது என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னான். பிறகு தன் நாற்காலியையும் சால்டரிங் இரும்பையும் எனக்கே கொடுத்து, தேநீர் வரவழைத்து, நான் மின்தேக்கிகளை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று கவனித்தான். உள்ளே ஷார்ட் இருந்தால் தான் எரிந்து செட்டைக் காக்கும் சீரீஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கியது. முனகல் போயிருந்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

குமிழைத் திருப்பினேன். முள் அசையவில்லை.

சேசிஸை வெளியே எடுக்கும்போது முள்ளை அதன் நூலிலிருந்து கழற்ற வேண்டும். சிறிய கொக்கிதான், விரலால் தள்ளினால் வந்துவிடும். பையன் நூலையே வெட்டியிருந்தான். வெட்டியதையும் எப்போதோ குப்பையில் போட்டிருந்தான்.

வால்வு வானொலியைத் திறந்து பார்க்காதவர்களுக்கு இந்த நூலின் பெருமை விளங்காது. நாம் திருப்பும் குமிழ் நிலையத்தை நேரடியாக மாற்றுவதில்லை. குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய நூல், சிறு உருளைகளின் மேல் டயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடி, உட்புறம் நிலையத்தை மாற்றும் சுழல் மின்தேக்கியான கேங் கண்டென்சரின் தலையிலுள்ள பெரிய சக்கரத்தில் சுற்றி முடிகிறது. சக்கரத்துக்குள் ஒரு சுருள்வில் நூலை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். முள் அந்த நூலின் மேல் சவாரி செய்கிறது. நூல் வழவழப்பாக இருந்தால் தண்டில் வழுக்கும். இழுபடும் நூலாக இருந்தால் ஒரு மாதத்தில் தொய்ந்து முள் பின்தங்கும். தடித்திருந்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கும். அதற்கென்றே பின்னி உருவாக்கிய டயல் நூல் ஒரு காலத்தில் வானொலிக் கடைகளில் உருளை உருளையாகத் தொங்கியது. சிங்கப்பூரில் என் அறையில் அது 20 மீட்டர் இருக்கிறது. இருந்து என்ன பயன்?

அடுத்த நாட்களில் நான் ஏறி இறங்கிய கடைகளை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. செக்காலை சாலைப் பக்கம் மூன்று மின்னணுக் கடைகளில் கேட்டேன். ஒருவர் எல்இடி பட்டையைக் காட்டினார். இன்னொருவர், “டயல் நூலா? அது போய் இருபது வருசம் ஆச்சுண்ணே” என்று சொல்லி, ஏதோ இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல் சற்று மௌனமாக இருந்தார். மூன்றாமவர் மட்டும் பக்கத்துத் தையல் கடைக்குப் போகச் சொன்னார். தையல் நூல் கைவிரலுக்குள்ளேயே பிரிந்தது. பூக்கட்டும் நூல் அதைவிட மோசம். கொத்தனார் நூல் பிடிக்கப் பயன்படுத்தும் நைலான் கயிறு தண்டில் ஏறவே இல்லை.

அப்போதுதான் முனீஸ்வரன் கோயில் தெரு நினைவுக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகள் உதிர்த்த கதவும் தூணும் பீங்கானும் பர்மாத் தேக்கும் விற்கும் அந்தத் தெருவில் பழைய வானொலிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒரு கடையில், உள்ளே கறையான் தின்ற ஒரு மர்ஃபி செட்டைக் கண்டேன். வால்வுகள் இல்லை, ஒலிபெருக்கி கிழிந்திருந்தது. ஆனால் நூல் மட்டும் முழுதாக இருந்தது. நூலை மட்டும் தருவீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நூலை உருவினால் ‘பீஸ்’ குறைந்துவிடும் என்றார். செட்டின் விலை 4,500 ரூபாய். பாடாத செட்டுக்கு இவ்வளவா என்றேன். பாடுகிற செட்டை யார் வாங்குவார்கள், விடுதி வரவேற்பறையில் வைக்க இதுதான் போகும் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய வீடுகளில் தங்கியவர்கள் பார்த்திருப்பார்கள்: பட்டாலைதோறும் ஒரு வானொலி, அதன்மேல் ஒரு பித்தளைக் கூஜா. ஒன்றாவது பாடிக் கேட்டதில்லை. ஒன்றரை மீட்டர் நூலுக்காக 4,500 ரூபாய் கொடுக்கலாமா என்று அந்த வாசலில் ஐந்து நிமிடம் உண்மையாகவே யோசித்தேன். சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) மாற்றிப் பார்த்தபோது பெரிய தொகையாகத் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரனை ஊரில் கெடுப்பது இந்த மனக்கணக்குதான். பிறகு, கறையான் தின்ற செட்டோடு வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி என்ன சொல்வார் என்று நினைத்துத் திரும்பினேன்.

தூண்டில் நரம்பு என்பது இணையத்தில் பலரும் சொல்லும் மாற்றுவழி. அதை வாங்கிவந்து, இரவு பட்டாலையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து நானே சுற்றினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடித்துக் குமிழை வலப்புறம் திருப்பினால் முள் இடப்புறம் ஓடியது. சக்கரத்தில் நூலை எதிர்த்திசையில் ஏற்றியிருக்கிறேன். வானொலி வேலை கற்கும் எல்லாரும் முதல் முறை செய்கிற பிழை இது. 22 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு செய்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். திருப்பிச் சுற்றினேன். இப்போது திசை சரி; ஆனால் நரம்பு வழுக்கியது. குமிழ் சுற்றிக்கொண்டே இருந்தது. முள் ஐயாவின் சென்னைப் புள்ளிக்கு அருகில் நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ஆச்சி வாசலில் கோலமிட வந்தபோது நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

“சிங்கப்பூர்லேருந்து வந்து ஒரு நூலுக்கா இப்பிடி ராத்திரி முழுக்க முழிச்சிருக்கீக?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆச்சி வெள்ளைப்பணியாரம் அனுப்பினார். அதைச் சாப்பிட்டுவிட்டு, மின்சாரத்தை இணைத்து, நீண்ட மரக்கரண்டிக் காம்பால் பின்பக்கச் சக்கரத்தை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம் அது; கையால் தொடுவது தற்கொலைக்குச் சமம். காம்பு அரை அங்குலம் நகர்ந்தது. இரைச்சலுக்கு நடுவே திருச்சி நிலையத்தின் பெண் குரல் ஒன்று நெல் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நழுவிப் போயிற்று. ஒரு நொடி இருக்கும். அத்தனை தெளிவான ஒலியைச் சிங்கப்பூரில் எந்த செட்டிலும் நான் கேட்டதில்லை.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் மாலையில்தான் வந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் எங்களுடையது சதுர அலை தரும் பழைய வகை. அதில் இந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல் ரீங்கரிக்கும் என்பதால் இணைக்கத் துணியவில்லை. மின்தடை வருவது முன்கூட்டியே செய்தித்தாளில் வந்திருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்; எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் மின்தூக்கியைப் பத்து நிமிடம் நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆனால் மின்தடையன்று எங்கள் கட்டடத்தில் யாரும் வெளித் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து பேசப்போவதில்லை. அன்று தெருவே திண்ணையில் இருந்தது; பாதிப் பேருக்கு என் நூல் விவகாரம் தெரிந்திருந்தது.

திருப்பம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. நூலை வெட்டிய அதே பையன், ஒன்பதாம் நாள் இரவு வாட்சாப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பினான். தன் மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வானொலி மெக்கானிக் ஒருவர் கோட்டையூரில் இருக்கிறார் என்றும், காலையில் தானே வந்து அழைத்துப் போவதாகவும் சொன்னான். சொன்ன நேரத்துக்கு வரமாட்டான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். எட்டு மணி என்றான். ஏழே முக்காலுக்கு வாசலில் ஹாரன் அடித்தான். காரை அழைக்கலாம் என்றேன். பத்து நிமிட வழிக்குக் காரா என்று சிரித்தான். இப்படியாக, சேசிஸை ஒரு துண்டில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் மடியிலேயே வைத்துக்கொண்டு பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் போய்ச் சேர்ந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் ஐந்து கண்ணாடி வால்வுகளையும் மேஜிக் ஐயையும் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். அப்பத்தா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

மெக்கானிக்குக் கை சற்று நடுங்கியது. கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆயிற்றாம். வீட்டு வராந்தாவில் ஒரு மேசையும், குடும்பமே பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியும் இருந்தன. நான் போட்டிருந்த மஞ்சள் மின்தேக்கிகளைப் பார்த்ததும், “இத யாரு போட்டது? காலு இவ்வளவு நீளமா விட்டா ஷார்ட்டாகும்ல?” என்று கேட்டார். நான்தான் என்று சொல்லவில்லை. பையனும் காட்டிக்கொடுக்கவில்லை. தூண்டில் நரம்பை ஒரே இழுப்பில் அறுத்துக் கீழே போட்டார். அவரிடமும் டயல் நூல் இல்லை. ஆனால் என்ன வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது: வண்டி சீட் கவர் தைக்கும் கடையில் மெழுகு பூசிய பின்னல் நூல் இருக்கும், இருப்பதிலேயே சன்னமானதைக் கேட்டு வாங்கி வரச் சொன்னார்.

சீட் கவர் கடைக்காரர் மூன்று மீட்டர் அளந்து வெட்டிக் கொடுத்துப் பத்து ரூபாய் என்றார். என்னிடம் 500 ரூபாய்த் தாள்தான் இருந்தது. அவரிடம் சில்லறை இல்லை. மேசை மேலிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினார். என் கைப்பேசியில் இருப்பது சிங்கப்பூர் எண்ணும் சிங்கப்பூர் வங்கியும்தான். அது இங்கே செல்லுபடியாகவில்லை. இளநீர் வண்டி முதல் கோயில் அர்ச்சனைத் தட்டு வரை அட்டை தொங்கும் ஊரில் பத்து ரூபாய் கொடுக்க வழியில்லாமல் நின்றேன். பணமில்லாப் பரிவர்த்தனை பற்றிச் சிங்கப்பூர்க்காரர்கள் பெருமை பேசுவதை இனி நான் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். கடைசியில் கடைக்காரர் கையை வீசி, எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பையன் பிறகு தன் கைப்பேசியிலிருந்து அனுப்பினானா என்று தெரியாது, கேட்டதற்குச் சிரித்தான்.

பெரியவர் நூலைப் பழந்துணியால் அழுந்தத் துடைத்து மெழுகைப் போக்கினார். பிறகு, வயலின்காரர்கள் வில்லில் தேய்ப்பார்களே, அதுபோல் சால்டரிங்குக்கு வைத்திருந்த ரோசின் கட்டியை அதன்மேல் ஓட்டினார். நான் என் அச்சுப் படத்தை நீட்டினேன். வாங்கித் தலைகீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன்மேல் தேநீர் டம்ளரை வைத்தார். கேங் கண்டென்சரை முழுக்க மூடினார். சுருள்வில்லை விரலால் இழுத்துப் பிடித்தார். சக்கரம், மேல் உருளை, தண்டு, கோடி உருளை, மறுபடி சக்கரம் என்று கை தன்போக்கில் போயிற்று. தண்டில் இரண்டரைச் சுற்றுதான் போட்டார். படத்தில் மூன்றரை என்று இருக்கிறதே என்று நான் பணிவாகவே சொன்னேன். படத்திலுள்ளது அந்தக் காலச் சன்ன நூலுக்கு. இது தடிப்பு, மூன்றரை போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. நடுங்கிய கை, முடிச்சுப் போடும்போது மட்டும் நடுங்கவில்லை. முள்ளை நூலில் மாட்டி, நகராமலிருக்கப் பேத்தியின் நகப்பூச்சில் ஒரு துளி எடுத்து வைத்தார். குமிழை ஒரு விரலால் சுண்டினார். முள் ஒரே வழுக்கலில் கோடிக்குப் போய் நின்றது. மொத்தம் 20 நிமிடம்.

கூலி 800 ரூபாய் கேட்டார். பையனுக்கு அதிகமாகப் பட்டது; முகத்தைச் சுளித்தான். சிங்கப்பூரில் கதவுப் பூட்டுக்காரர் வீட்டுக்கு வருவதற்கே அதைவிடப் பல மடங்கு வாங்குவார். நான் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். ஒரு நூல் கட்டுவதற்கா என்று ஊரில் கேட்பார்கள். அந்த நூலை இழுத்துக் கட்ட என் அடுக்குமாடியைச் சுற்றி ஒரு ஆள்கூடக் கிடையாது.

இரவு ஏழு மணிக்கு சேசிஸைப் பெட்டிக்குள் ஏற்றி, நான்கு திருகாணிகளையும் முடுக்கி, பின் அட்டையைப் பூட்டி, குமிழ்களை மாட்டினேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். பச்சை மலர்ந்தது. குமிழைத் திருப்பினேன், முள் பட்டுபோல் நகர்ந்தது, திருச்சி கணீரென்று வந்தது, மேஜிக் ஐயின் நிழல் ஒடுங்கியது. முனகல் துளியுமில்லை. முள்ளைப் பார்த்தேன். அது ஐயாவின் புள்ளிக்கு ஒரு விரற்கடை இடப்பக்கம் நின்றது.

சென்னைக்குத் திருப்பினேன். அங்கேயும் அதே விரற்கடை. இரண்டும் ஒரே அளவு விலகியிருந்ததால் சுற்றில் பிழையில்லை, முள்ளை மாட்டிய இடத்தில்தான் பிழை என்று தெரிந்தது. டயல் கண்ணாடி பெட்டியோடு பள்ளத்தூரிலேயே இருந்துவிட்டது. கோட்டையூர் மேசையில் முள்ளுக்கு நேராகப் பார்க்க எந்தப் புள்ளியும் இல்லை. அவர் தோராயமாகத்தான் மாட்ட முடிந்தது. கண்ணாடியையும் கழற்றி எடுத்துப் போக வேண்டும் என்று எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

பையனுக்குப் படம் அனுப்பினேன். பழைய புள்ளியைச் சுரண்டிவிட்டு முள் நிற்கிற இடத்தில் புதுப் புள்ளி வைத்தால் இரண்டு நிமிட வேலை என்று பதில் வந்தது. அவனுக்கு நான் பதில் அனுப்பவில்லை. மறுபடி திறக்கலாம்: நான்கு திருகாணி, பின் அட்டை, நகப்பூச்சுத் துளியைக் கரைத்து முள்ளைத் தள்ளினால் போதும், அரை மணி நேரம். ஆனால் மறுநாள் அதிகாலை நாலரைக்குக் கார் வரச் சொல்லியிருந்தேன், பெட்டி கட்டவில்லை, மனைவி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

செட்டை அணைத்து, மேலே துணி போர்த்தினேன். டயல் நூல் ஐந்து மீட்டர், நகப்பூச்சுக் கரைப்பான் ஒரு சிறு குப்பி, சால்டரிங் இரும்பு: அடுத்த பயணத்துக்கான பட்டியலைக் காரிலேயே எழுதிவிட்டேன். அதுவரை செட்டைப் போட்டுக் கேட்கச் சொல்லி எதிர்வீட்டு ஆச்சியிடம் சாவி கொடுத்திருக்கிறேன். முள்ளைப் புள்ளிக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.